90 ரூபாய் பாக்கி

வாடிக்கையாளர்கள் நேரில் வரும் இடமல்ல எங்கள் அலுவலகம். சென்னையில் ஒரு தனியார் வங்கியின் கிரெடிட் கார்டு ஆபரேஷன்ஸ் பிரிவு. கீழ்த்தளத்தில் கிளை, மூன்றாவது மாடியில் நாங்கள். அடையாள அட்டையைக் காட்டாமல் கதவு திறக்காது. ஆனாலும் 2018 ஆகஸ்டில் ஒரு நாள் செக்யூரிட்டி போன் செய்தார். “சார், ஒரு பெரியவர் காலையிலேருந்து உட்கார்ந்திருக்கார். கிளையில கேட்டா ஒண்ணும் தெரியலைங்கிறாங்களாம். மாடியில யாராவது வந்து பேசினாத்தான் போவேங்கிறார்.”

இறங்கிப் போனேன். காரைக்குடிப் பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இரவு பஸ் பிடித்து வந்திருந்தார். டைரியிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். நான்கு துண்டாக வெட்டிய எங்கள் கார்டு. அதன் பக்கத்தில், வாங்கிய கடன்களை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் ஒரு சிபில் அறிக்கை. மகளின் கல்விக்கடனுக்கு இவர் கூட்டு விண்ணப்பதாரர். கடன் கேட்டுப் போன வங்கியில் இந்தக் காகிதத்தைக் கொடுத்து, ‘முதலில் இதைச் சரி செய்துவிட்டு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் வங்கியின் பெயருக்கு நேரே நிலுவைத் தொகை 90 ரூபாய். தாமத நாட்கள் 90-ஐத் தாண்டியிருந்தன.

“தம்பி, எனக்கு ஒரே ஒரு கேள்விதான். தொண்ணூறு ரூபாய் பாக்கி இருக்குன்னு எனக்கு ஒரு போன் போட முடியலை உங்களால. தரலைன்னு ஊருக்கெல்லாம் மட்டும் எப்படிச் சொன்னீங்க?”

‘சிஸ்டம் அப்படி’ என்பதுதான் வழக்கமான பதில். சொல்லவில்லை. மேலே போய்க் கணக்கைத் திறந்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். வருடக் கட்டணம் 500 ரூபாய் விழுந்திருக்கிறது. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 90 ரூபாய். இவர் கால் சென்டருக்குப் போன் செய்து, ‘நான் கார்டைப் பயன்படுத்துவதே இல்லை, மூடிவிடுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார். எதிர்முனையில் இருந்த பையன் நல்லவன். உடனே 500 ரூபாயை ரிவர்ஸ் செய்து, ‘கார்டு மூடப்படும் சார்’ என்று சொல்லிவிட்டான். ஆனால் எங்கள் சிஸ்டத்தில் கட்டணத்துக்கு ஒரு குறியீடு, அதன் மேல் விழுந்த வரிக்கு இன்னொரு குறியீடு. கட்டணம் போய்விட்டது, வரி தங்கிவிட்டது. பாக்கி இருக்கும் கணக்கு மூடாது. பெரியவர் கார்டை நான்காக வெட்டி டைரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

இந்த மாதிரிச் சில்லறைப் பாக்கிகள் எப்படி முளைக்கின்றன என்பதை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு வகை பைசா பாக்கி. 25 பைசா நாணயம் 2011 ஜூனோடு செல்லாமல் போனது, ஆனால் பில்லில் பைசா போகவில்லை. 1,243 ரூபாய் 37 பைசா பில்லுக்கு 1,243 என்று செக் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். 37 பைசா நிற்கும். இன்னொரு வகை, வால் வட்டி. முழுத் தொகையைக் கட்டாமல் மாதாமாதம் உருட்டிக்கொண்டிருப்பவர், ஒரு நாள் மனது வைத்துப் பில்லில் உள்ள 2,000 ரூபாயையும் கட்டிவிடுகிறார். பில் போட்ட தேதிக்கும் அவர் கட்டிய தேதிக்கும் நடுவே 18 நாள். மாதம் மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம் என்றால் அந்த 18 நாளுக்கு 41 ரூபாய் 42 பைசா வட்டி, மேலே வரி 7 ரூபாய் 46 பைசா. முழுவதும் கட்டித் தீர்த்தேன் என்று நினைப்பவருக்கு அடுத்த மாதம் 48 ரூபாய் 88 பைசா வந்து நிற்கும். இந்த வால் ஏன் வந்தது என்று போனில் புரிய வைப்பதற்குள் தொண்டை வற்றிவிடும்.

சரி, பெரியவர் கணக்குக்கு வருகிறேன். 90 ரூபாய் என்பது எங்கள் வங்கியில் மிகவும் மோசமான ஒரு தொகை. ஏனென்றால் 100 ரூபாய்க்குக் கீழே இருக்கும் பாக்கிக்கு நாங்கள் நிறையக் கருணை வைத்திருந்தோம். லேட் ஃபீ கிடையாது. வட்டி போடுவதில்லை. தபாலில் பில் அனுப்புவதில்லை, காகிதச் செலவு கட்டாது. எஸ்எம்எஸ்ஸும் கிடையாது. கலெக்‌ஷன்ஸ் பிரிவின் பட்டியலில் பெயரே ஏறாது, 90 ரூபாய் வசூலிக்க ஓர் ஆளை உட்கார வைத்துப் பேச வைத்தால் அதற்கு ஆகும் செலவு அதைவிடக் கூட. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக உட்கார்ந்து, நியாயமான காரணத்தோடு, ‘இதை விட்டுவிடலாம்’ என்று முடிவெடுத்திருந்தது.

விடாத ஒரே இடம், அப்போது மாதம் ஒருமுறை சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் போன கோப்பு. அதில் தொகைக்கு எல்லை கிடையாது. பாக்கி இருக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறது, அவ்வளவுதான். 90 ரூபாய்க்கும் 90,000 ரூபாய்க்கும் நாட்கள் ஒரே வேகத்தில்தான் ஓடும். அதுவும் பாக்கி அவ்வளவு சிறிதாக இருந்தால் மொத்தத் தொகையுமே மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. பாதி கட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

அப்படியாக, அவரிடம் யாரும் கேட்கவில்லை, அபராதம் போடவில்லை, பில் அனுப்பவில்லை. புகார் மட்டும் மாதாமாதம் ஒழுங்காகப் போயிருக்கிறது. லேட் ஃபீ போட்டிருந்தால்கூட 100 ரூபாயைத் தாண்டியிருக்கும், பில் வீட்டுக்குப் போயிருக்கும், மனிதர் முதல் மாதமே கட்டியிருப்பார். நாங்கள் காட்டிய சலுகைதான் அவரை மாட்டிவிட்டது.

இந்த இடத்தில் என் பழைய வேலையைச் சொல்ல வேண்டும். இந்த வங்கிக்கு வரும் முன் மூன்று வருடம், 2008 முதல் 2011 வரை, சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஓர் அமெரிக்க கார்டு நிறுவனத்துக்காக இரவு ஷிப்ட் பார்த்தேன். அங்கே தினமும் ஒரு ரிப்போர்ட் வரும். ஒரு சென்ட் முதல் 99 சென்ட் வரை பாக்கி நின்ற கணக்குகள், இரவோடு இரவாகப் பூஜ்யமாக்கப்பட்டவை. மூன்று சென்ட், பதினொரு சென்ட் என்று பக்கம் பக்கமாக ஓடும். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. அமெரிக்காவின் ரெகுலேஷன் இஸட் விதிப்படி பாக்கி 1 டாலருக்கு மேல் இருந்தாலோ, வட்டி ஏதும் விழுந்திருந்தாலோதான் ஸ்டேட்மெண்ட் அனுப்புவது கட்டாயம். 2009 மே மாதம் அங்கே தபால்தலை 44 சென்ட் ஆனது. 11 சென்ட் கேட்டு 44 சென்டுக்கு ஸ்டாம்ப் ஒட்டுவானேன் என்பதுதான் மொத்தத் தத்துவமும். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே ஒரு விஷயம் சரியாக இருந்தது. விடுவது என்று முடிவெடுத்தால் எல்லா இடத்திலும் விட்டார்கள். கணக்கையே பூஜ்யமாக்கிவிட்டால் புகார் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. 2010 ஆகஸ்டில் இன்னொரு விதியும் வந்தது. கட்டத் தவறிய மினிமம் தொகையைவிட லேட் ஃபீ அதிகமாக இருக்கக் கூடாது. 3 டாலர் தவறவிட்டவரிடம் 25 டாலர் பிடுங்குவது அதோடு நின்றது.

அந்த நினைப்பில், பெரியவர் வந்துபோன வாரமே ஒரு கூட்டம் கேட்டேன். 100 ரூபாய்க்குக் கீழே தேங்கிக் கிடக்கும் கணக்குகளை எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் எடுத்துப் போயிருந்தேன். கீழே உருட்டிக்கொண்டே போனால் விரல் வலிக்கும், அவ்வளவு. நிறைய இடத்தில் 18, 36, 90 என்றே தொகைகள். எல்லாம் கட்டணம் போய் வரி மட்டும் தங்கிய கணக்குகள்.

‘ரைட்-ஆஃப் பண்ணிடலாமே’ என்றார் ஃபைனான்ஸ் மேனேஜர். வெளியிலிருந்து பார்த்தால் அதுதான் சுலபமாகத் தெரியும். ஆனால் அந்தக் குறியீட்டில் எழுதித் தள்ளினால் சிபில் அறிக்கையில் ‘ரிட்டன்-ஆஃப்’ என்று விழும். 90 ரூபாயை ஏமாற்றிவிட்டு ஓடியவர் என்று அர்த்தம், தாமதத்தைவிட மோசம். செட்டில்மெண்ட் என்று போட்டாலும் கறைதான். வரிப் பதிவைத் தவறு என்று ஒப்புக்கொண்டு ரிவர்ஸ் செய்ய வேண்டும். அப்புறம் பழைய மாதங்களின் தாமத நாட்களைத் திருத்தி நான்கு நிறுவனங்களுக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். ரிஸ்க் பிரிவுக்காரர், ‘இப்படி விட்டால் எல்லோரும் 50 ரூபாய் குறைத்துக் கட்டப் பழகிவிடுவார்கள்’ என்றார். பழகுவார்கள்தான், ஒன்றிரண்டு பேர். அதற்காக ஒரு தலைமையாசிரியரை மாட்டி வைப்பதா என்று கேட்டேன். ஐடி பிரிவு அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றது. எத்தனை காலாண்டுகள் போயின என்று எண்ணவில்லை.

கடைசியில் அது நடந்தது, ஆனால் பெரியவருக்காக இல்லை. வாராக்கடன் விதியில் ஒரு சங்கதி உண்டு. வகைப்படுத்துவது கணக்கை வைத்து அல்ல, ஆளை வைத்து. ஒருவருடைய கார்டு பாக்கி 90 நாளைத் தாண்டி வாராக்கடன் ஆனால், அதே வங்கியில் அவர் ஒழுங்காகத் தவணை கட்டிவரும் வீட்டுக்கடனும் வாராக்கடன்தான். 2021 நவம்பர் 12 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டு, இந்தக் கணக்கெடுப்பை ஒவ்வொரு நாள் முடிவிலும் செய்ய வேண்டும், மொத்த நிலுவையும் தீர்ந்தால்தான் மறுபடி நல்ல கடன் ஆகும் என்று தெளிவுபடுத்தியது. அன்றைக்குத்தான் மேலிடத்துக்கு உறைத்தது. 40 லட்சம் வீட்டுக்கடன் நல்ல நிலையில் இருந்தால் அது வராமல் போனால் என்று வங்கி முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டியது 0.25 சதவீதம், 10,000 ரூபாய். வாராக்கடன் ஆகிவிட்டால் 15 சதவீதம், 6 லட்சம். கார்டில் நின்ற 36 ரூபாய்க்காக 6 லட்சம்! மூன்று வருடமாகத் தூங்கிய என் எக்செல் ஷீட்டை அந்த வாரம் மூன்று துணைத் தலைவர்கள் தனித்தனியாகக் கேட்டு வாங்கினார்கள். கட்டணத்தை ரிவர்ஸ் செய்தால் வரியும் தானாகவே போகும்படி மாற்றம் வந்தது. சில்லறைப் பாக்கிகளைத் தினமும் பூஜ்யமாக்கும் வேலையும் சிஸ்டத்தில் ஏறியது. எனக்கு ஒரு பாராட்டு மெயில்கூட வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

2022-இல் ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டுதல்கள் வந்தபோது நிலைமை இன்னும் கொஞ்சம் தேறியது. கெடு தேதி முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் லேட் ஃபீ போடலாம், தாமதம் என்று சொல்லலாம் என்பது முன்பே இருந்ததுதான், அதிலும் இருந்தது. அந்த ஃபீயும் கட்டாமல் விட்ட தொகைக்குத்தான், மொத்த பில்லுக்கு அல்ல. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது. கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ‘பாக்கி ஏதும் இல்லாமல் இருந்தால்’ என்றொரு நிபந்தனை அதில் உண்டு. 18 ரூபாய் நின்றாலும் அது பாக்கிதான்.

அன்றைக்குப் பெரியவரிடம் கீழே இறங்கிப் போய், “தப்பு எங்க மேலதான் சார். இந்தத் தொண்ணூறு ரூபாயை ரிவர்ஸ் பண்ணிடறேன், நீங்க கிளம்புங்க” என்றேன்.

“வேண்டாம் தம்பி. வரின்னு போட்டிருக்கு, அது சர்க்கார் பணம். இனாமா விட வேண்டாம். நான் கட்டிடறேன், நீங்க சிபிலைச் சரி பண்ணுங்க.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி, அவர் திருப்திக்குக் கட்டட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்திலேயே கிளை. வரிசையில் நின்று ரொக்கமாக 90 ரூபாய் கட்டி, ரசீதை டைரியில் வைத்துக்கொண்டு, வெட்டிய கார்டுத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் மாடிக்குப் போய் நான்கு நிறுவனங்களுக்கும் திருத்தக் கோரிக்கை அனுப்பினேன். அது முடிய மூன்று வாரம் ஆனது. மகளுக்குக் கடன் கிடைத்தது.

மறு மாதம் அவரிடமிருந்து போன்.

“தம்பி, உங்க ஆபீஸ்லேருந்து பில் வந்திருக்கு. நூத்திப் பதினெட்டு ரூபாய். இந்தத் தடவை நல்ல கவர்ல, தபால்லயே வந்திருக்கு.”

திறந்து பார்த்தேன். கிரெடிட் கார்டு பாக்கியைக் கிளையில் ரொக்கமாகக் கட்டினால் 100 ரூபாய் கட்டணம், அதற்கு வரி 18. கண்ணெதிரே அவர் வரிசையில் நின்றபோது எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டு ரிவர்சல் போட்டேன், ஒன்று 100-க்கு, இன்னொன்று 18-க்கு. பேலன்ஸ் பூஜ்யம் காட்டியது. அடுத்த திரைக்குப் போய்க் கணக்கை மூடினேன்.

“சார், முடிஞ்சது. கார்டு மூடியாச்சு.”

“அப்படித்தான் போன வருஷமும் ஒரு பையன் சொன்னான். எழுத்துல குடு தம்பி.”