தமனியில் குத்தாமல் ஒரு ரத்த வாயுச் சோதனை
குறுவை அறுப்பில் கண்ணாடிவிரியன் கடித்து வருகிறவருக்கு ரத்தம் உறையாமல் போகலாம். ரத்தத்தின் அமில அளவும் வாயுக்களும் அறிய மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தினால் உள்ளே கசிந்து கை வீங்கும். அதனால் சிரையில் எடுக்கலாம். தமனியைவிட சிரை ரத்தத்தில் பிஎச் (அமில அளவு) சுமார் 0.03 குறைவாகவும் பைகார்பனேட் (அமிலத்தை ஈடுகட்டுவது) லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிமோல் வரை கூடுதலாகவும் வரும், அவ்வளவுதான். சர்க்கரை ஏறி மூச்சு வாங்குபவருக்கும் இதுவே போதும். ரத்த ஓட்டம் குலைந்த ஆழ்ந்த ஷாக்கில் இந்தக் கணக்கு செல்லாது.

சிரையில் கார்பன் டை ஆக்சைடு 45 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் தேங்கவில்லை எனலாம். மேலே போனால் தமனியில் எடுக்கத்தான் வேண்டும். ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்.

மாதிரி கெடுவது பெரும்பாலும் எடுக்கும்போதுதான். டூர்னிக்கெட்டை (கையைக் கட்டும் பட்டை) இறுக்கிவைத்து, "கையை மூடித் திறங்க" என்றால் லாக்டேட் (ஆக்சிஜன் குறைந்தால் திசுக்களில் சேர்வது) பொய்யாக ஏறும். சிரிஞ்சில் ரத்தம் உறையாமலிருக்க விடும் திரவ ஹெப்பாரின் மிஞ்சினால் பைகார்பனேட் இறங்கும். உள்சுவர் நனைந்ததும் மிச்சத்தைத் தள்ளிவிடுங்கள். குமிழியை வெளியேற்றி, மூடி, உள்ளங்கையில் உருட்டி, 30 நிமிஷத்துக்குள் மெஷினில். தஞ்சாவூர் சித்திரை வெயிலில் அதுவே அதிகம்.