நேற்றுவரை கூட்டாளி

மனிதன் மட்டும்தான் போர் செய்வானா? எறும்பும் படையெடுக்கும், சரி. ஆனால் அதற்கு எதிரியின் முகம் தெரியாது. தான்சானியாவின் கோம்பே காட்டுச் சிம்பன்சிகளுக்குத் தெரியும். ஒன்றாகத் திரிந்த கூட்டம் வடக்கு, தெற்கு என்று பிரிந்தது. 1974 ஜனவரியில் வடக்குக் கூட்டத்து ஆண்கள் ஆறு பேர் எல்லை தாண்டினார்கள். மரத்தில் தனியாகத் தின்றுகொண்டிருந்த பழைய கூட்டாளி குதித்து ஓடினான். வந்தவர்களில் ஒருவன் அவன் காலைப் பிடித்து வீழ்த்தி, தலைமேல் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டான். மற்றவர்கள் அடித்தார்கள், கடித்தார்கள்.

நான்கு ஆண்டுகளில் தெற்குக் கூட்டத்து ஆண்களில் ஒருவன்கூட மிஞ்சவில்லை. அவற்றோடு பல ஆண்டுகள் பழகிய ஆய்வாளர் ஜேன் குடாலுக்கே இதை ஏற்க நாளாயிற்று. இதைப் போர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அப்புறம், வடக்குக் கூட்டம் பிடித்த நிலமும் நிலைக்கவில்லை. அதற்கும் தெற்கே இருந்த இன்னொரு பெரிய கூட்டம் இவர்களைத் துரத்தத் தொடங்கியது.