திடீரெனக் குறுக்கே வந்தார்

2024 ஆகஸ்டில் என் அம்மாவை ஒரு பைக் அடித்தது. அக்கா ஊரில், காலை ஏழரை மணிக்கு, ஜீப்ரா கிராஸிங்கில். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தகடு வைத்து ஆபரேஷன். ஓட்டி வந்த பையன் ஓடிவிடவில்லை. அவனும் ஒரு ஆட்டோக்காரருமாகச் சேர்ந்துதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன்மேல் எங்களுக்குப் பெரிய கோபம் இல்லை. அதற்குப் பிறகு பதினாறு மாதம் காகிதங்களோடு பட்ட பாடுதான் இந்தக் கதை.

முதல் பத்து நாள் அம்மாவின் காலைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அக்கா வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போய் ரைட்டர் சொன்னபடி புகார் எழுதிக் கொடுத்தார். பாரதிய நியாய சன்ஹிதா 281, 125(பி) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதை நான் நிதானமாகப் படித்தது பன்னிரண்டாம் நாள். 'என் மாமியார் சாலையைக் கடக்க முயன்றபோது' என்று இருந்தது. எந்த இடத்தில் கடந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. பார்வை மகஜரோடு, அதாவது விபத்து இடத்தைப் போலீஸ் பார்த்து எழுதும் குறிப்போடு, இருந்த மாதிரி வரைபடத்தில் சாலை இருந்தது, டீக்கடை இருந்தது, மின்கம்பம்கூட இருந்தது. ஜீப்ரா கிராஸிங் மட்டும் இல்லை. பையனின் வாக்குமூலத்தில் மூன்றே சொற்கள்: 'திடீரெனக் குறுக்கே வந்தார்'.

வரைந்தவரைக் குறை சொல்ல முடியாது. பெயின்ட் அந்த அளவுக்கு மங்கியிருந்தது. மழை பெய்து சாலை கறுத்த பிறகுதான் வெள்ளைக் கோடு லேசாகத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆவது பிரிவில், தவறு யாருடையது என்றே பார்க்காமல் பலத்த காயத்துக்கு 2,50,000 ரூபாய் உண்டு, வாங்கிக்கொண்டால் கோர்ட்டு அலைச்சல் இல்லை என்றார். சொன்னது உண்மைதான். ஆனால் அதை வாங்கிவிட்டால் 166-ஆவது பிரிவில் முழு இழப்பீடு கேட்கும் வழி அடைபட்டுவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பில்லே 2,14,000 ரூபாய். அம்மா இனித் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். (பக்கத்துப் படுக்கை அம்மாவை இடித்த வண்டி எது என்றே தெரியவில்லை. அப்படியானால் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய்தான், உயிரே போனாலும் 2 லட்சம்தான். வண்டி எண்ணைக் குறித்து வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைப் பார்த்துத்தான் புரிந்தது.)

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர், 'கேஸ் நான் நடத்துறேன், வர்றதுல முப்பது பர்சன்ட்' என்றார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. தெரிந்தவர் மூலம் வேறொரு வக்கீலைப் பிடித்தோம். எங்கள் ஊர்க்காரர். விபத்து நடந்த ஊரில்தான் இழப்பீட்டு மனுப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தேவையில்லை, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊரின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம் என்றார். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் அவர்தான் சொன்னார்.

அவர் முதலில் கேட்டது ஏ.ஆர். காப்பி. அதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல். எங்களுடையதில் நல்ல வேளையாக 'பைக் மோதியதாக' என்றே இருந்தது. அழைத்து வந்தவர் பதற்றத்தில் 'கீழே விழுந்துட்டாங்க' என்று சொல்லி, அப்படியே பதிவாகிப் பின்னால் கேஸே ஆட்டம் கண்டதும் உண்டாம். அப்புறம் அந்த வரைபடத்தைப் பார்த்தார். நீளமாக ஒரு 'ம்ம்' போட்டார்.

"நடந்து போனவர் கேஸ்ல இன்ஷூரன்ஸ் பேசுற பேச்சே இதுதான் மேடம். 'அவங்க தப்பும் இருக்கு'ன்னு சொல்லி முப்பது, நாப்பது சதவீதம் கழிக்கச் சொல்லுவாங்க. கிராஸிங் இருந்துச்சுன்னு காட்டிட்டா பாதி வாய் அடைபட்டுரும்."

கிராஸிங்கில் வேகத்தைக் குறைத்து நடப்பவருக்கு வழிவிடுவது ஓட்டுநரின் கடமை என்று 2017-இன் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. கிராஸிங் இல்லாத இடத்தில் கடந்தாலும் இழப்பீட்டு உரிமை தானாகப் போய்விடாது. நடந்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனாலும் அந்த மங்கிய கோடு எங்களுக்கு வேண்டியிருந்தது.

எதிர்க் கடையின் சிசிடிவிப் பதிவு அதற்குள் அழிந்துபோயிருந்தது. பதினைந்து நாளுக்கு மேல் நிற்காதாம். முதல் வாரமே போயிருந்தால் எல்லாம் ஒரே நாளில் முடிந்திருக்கும். இன்றுவரை எனக்கு உறுத்தும் ஒரே விஷயம் அதுதான்.

சரி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மூன்றே கேள்வி. இந்த இடத்தில் பாதசாரிகள் கடக்கும் குறியீடு போடப்பட்டதா? கடைசியாக எப்போது பெயின்ட் அடிக்கப்பட்டது? அந்த வேலையின் அளவுப் புத்தக (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பக்கத்தின் நகல் தர முடியுமா? 'ஏன் மங்கவிட்டீர்கள்' என்று நான்காவதாக ஒன்று எழுதியிருந்தேன். வக்கீல் அடித்துவிட்டார். காரணம் கேட்டால் தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. 2022 பிப்ரவரியில் பெயின்ட் அடித்ததாக, எந்த மின்கம்பத்துக்கு எதிரே என்பது உட்பட. அதே மின்கம்பம்தான் போலீஸ் வரைபடத்திலும் இருந்தது!

டிசம்பரில் மனுத் தாக்கல் செய்தோம். மெடிக்கல் போர்டு 18 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. ஆட்டோக்காரர் தானாகவே சாட்சி சொல்ல வந்தார். அடிபட்டவரைக் காப்பாற்றியவரை 134ஏ பிரிவின்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று நாங்களே சொல்லியும், "அம்மா கோட்டு மேலதான் கெடந்தாங்க, அதைச் சொல்ல எனக்கென்ன" என்றார்.

குறுக்கு விசாரணையில் அம்மாவைக் கேட்ட முதல் கேள்வி, "செல்போன் பேசிக்கிட்டே கடந்தீங்களா?" அம்மா சொன்னார், "எனக்கு அதை எடுக்கவே தெரியாதுங்க."

2025 டிசம்பர் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. அங்கும் இன்ஷூரன்ஸ் தரப்பில் 40 சதவீதக் கழிவிலிருந்துதான் பேச்சை ஆரம்பித்தார்கள். தகவல் உரிமைப் பதிலையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. அப்புறம் ஊனத்துக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்ற சண்டை. சதவீதத்துக்கு 5,000 வீதம் 90,000 ரூபாய் என்றார்கள். எங்கள் வக்கீல், வீட்டு வேலைக்கு மாதம் 12,000 ரூபாய் மதிப்பு வைத்து, 58 வயதுக்கான பெருக்கு எண் (வயதைப் பொறுத்து எத்தனை ஆண்டு வருமானம் என்ற எண்) 9-ஐப் போட்டு, அதில் 18 சதவீதம் 2,33,280 ரூபாய் என்றார். அம்மா என் காதில், "நான் பன்னெண்டாயிரம் சம்பாதிக்கிறேனாடி?" என்று கேட்டார். கடைசியில் எல்லாம் சேர்த்து 4,75,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டோம். வழக்கை நீட்டியிருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, அத்தோடு முடிந்தது. அம்மாவுக்கு அது போதும் என்று பட்டது.

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசமைப்புச் சட்டம் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் வழக்கில் அதற்கு வேலை வரவில்லை. கிராஸிங்குக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்கக் கேட்டு அக்கா போட்டிருக்கும் மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதச் சொன்னேன். மனுவுக்கு ரசீது மட்டும் வந்திருக்கிறது.