மானிட்டர் டெஸ்க்கிலிருந்து கேட்டவை

மேடை நிகழ்ச்சிகளில் சவுண்ட் கலக்க இரண்டு பேர் இருப்போம். ஒருவர் கூட்டத்துக்கு நடுவே சின்னப் பந்தலுக்குள் உட்கார்ந்து, மக்களுக்குக் கேட்பதைப் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் மேடையோரம் கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்று, பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் கேட்பதைப் பார்த்துக்கொள்வார். நான் துணிக்குப் பின்னால் நிற்கிற ஆள். மேடையில் இருப்பவர்களுக்கே திருப்பிக் கேட்க வைக்கும் சத்தத்துக்கு மானிட்டர் என்று பெயர், எனக்கு மானிட்டர் இன்ஜினியர் என்று பெயர்.

என் டெஸ்க்கில், அதாவது சவுண்ட் கலக்கும் மேசையில், ஒவ்வொரு மைக்கின் சானலுக்கும் ஒரு சின்ன பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அந்த ஒரு மைக்கில் விழுவது மட்டும் என் ஹெட்போனுக்கு வரும். எக்கோ இல்லை, கோரஸ் இல்லை, முன்பே பதிவு செய்து பின்னால் ஓடவிடும் ட்ராக் இல்லை. வெறும் குரல். பாடி முடித்து மூச்சு வாங்குவது, பாட்டுக்கு நடுவே தண்ணீர் கேட்பது, பக்கத்தில் இருப்பவனைத் திட்டுவது எல்லாம் அதில் வரும். மைதானம் முழுக்கக் கைதட்டும்போது அந்தக் குரல் நிஜத்தில் எப்படி இருக்கிறது என்பது பாடுகிறவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

என் வேலை தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விகள் இரண்டு. "நிஜமாவே பாடுறாங்களா?" அப்புறம், "ஆளு எப்படி, ரொம்ப திமிரா?" இரண்டாவதற்குக் கிடைக்கும் பதிலை வைத்தே முதல் கேள்விக்கும் அவர்களே விடை எழுதிக்கொள்வார்கள். திமிர் என்றால் பாட்டும் சுமார். அடக்கமான பிள்ளை என்றால் பாட்டும் அருமை. இந்தக் கணக்கு எப்போதாவது சரியாக வந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஜஸ்டின் பீபரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமே சேர்ந்து திட்டிய இளம் பாடகர் அவரைப் போல இன்னொருவர் இருப்பாரா என்று தெரியவில்லை. 1994இல் பிறந்தவர், கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். ஊர் நாடக அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக் காசு சேர்த்த பையன். அம்மா யூடியூபில் ஏற்றிய வீடியோக்களைப் பார்த்துத்தான் ஒரு மேனேஜர் தேடி வந்தார். அந்தப் பழைய வீடியோக்களில் எந்தப் பூச்சும் கிடையாது. அறைக்குள் கேமரா மைக்கில் பாடுகிறான். ஸ்ருதி அசையவில்லை. சின்ன வயதிலிருந்தே டிரம்ஸ் வாசித்த கை என்பதால் தாளத்தில் உட்கார்ந்து பாடுகிறான். சவுண்ட்காரனாகச் சொல்கிறேன், அந்த வயதில் அப்படிப் பாடுகிறவர்கள் குறைவு.

அப்புறம் 2013 வந்தது. மார்ச்சில் லண்டன் ஓ2 அரங்கில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாமதமாக மேடைக்கு வந்தார் என்று செய்தி. நாற்பது நிமிடம்தான் என்றார் அவர். அடுத்த நாள் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று, பாட்டு முடிவதற்குள்ளேயே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன பெற்றோரும் உண்டு. அதே மாதம் ஜெர்மனிக்கு ஒரு குட்டிக் குரங்கோடு போய் இறங்கினார். அதற்கு உரிய காகிதம் இல்லை என்று மியூனிக் சுங்கத்துறை பிடித்து வைத்துக்கொண்டது. (கச்சேரிக்குக் குரங்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) 2014 ஜனவரியில் மயாமி பீச் போலீஸ் போதையில் கார் ஓட்டியதாகக் கைது செய்தது. காவல் நிலையத்தில் எடுத்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புதான் பலருக்கு ஆறவே இல்லை. இவரை நாட்டை விட்டு அனுப்புங்கள் என்று அமெரிக்க வெள்ளை மாளிகைக்குப் போன மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. கடைசியில் கவனக்குறைவாக ஓட்டியது, கைதை எதிர்த்தது என்ற சின்னக் குற்றங்களை ஒப்புக்கொண்டதோடு வழக்கு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 20.

இதில் எதுவும் அவர் குரலைத் தொடவில்லை. 2016இல் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியை முதல் முறை வாங்கினார். ஆனால் அந்த இரண்டு வருடங்களும் "அவனுக்குப் பாடவே தெரியாது, எல்லாம் மெஷின்" என்று சொல்லாதவர்கள் கிடையாது. குரங்குக்கும் ஸ்ருதிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பட்டியலில் வேலைக்காரன் கண்ணோடு பார்த்தால் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். தாமதம். கைதை விட, குரங்கை விட, அதுதான் பெரிய தப்பு என்பேன். மேடைக்குப் பின்னால் விளக்கு, சவுண்ட், பாதுகாப்பு, வண்டி என்று ஒரு ஊரே காத்துக்கிடக்கும். நிகழ்ச்சி தள்ளிப்போனால் பிரிப்பதும் தள்ளிப்போகும். விடியற்காலை வரை கேபிள் சுற்றுகிற பையன்களுக்கு அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பத்திரிகையில் இமேஜ் கெட்டது என்று எழுதும்போது இந்தப் பையன்கள் கணக்கில் வருவதில்லை.

2017 மே மாதம் பீபர் இந்தியா வந்தார். நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம். அடுத்த நாள் ஊரெங்கும் ஒரே பேச்சு, பாதிப் பாட்டுக்கு வாயசைத்தார், ஏமாற்றிவிட்டார் என்று. எனக்கு வந்த அழைப்புகளைக் கேட்டால், நான்தான் அந்த மேடையில் நின்றேனோ என்று நினைப்பீர்கள். நான் அங்கே இல்லை. ஆனால் ட்ராக் ஓடுவது எப்படி என்று சொல்ல முடியும். இன்று பெரிய பாப் நிகழ்ச்சிகளில் நிறையச் சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து ஓடுகிறது. கோரஸ், கூடுதல் வாத்தியம், சில இடங்களில் பாடகரின் குரலே பதிவு செய்யப்பட்டு அடியில் படுத்துக்கிடக்கும். மேலே அவர் பாடுவார். தம் கட்டும் இடத்தில் அவர் குரல் இறங்கினால் அடியில் இருப்பது தாங்கிக்கொள்ளும். மைக்கை வாயிலிருந்து எடுத்த பிறகும் குரல் வந்தால்தான் கூட்டத்துக்குத் தெரிகிறது.

அது மாட்டிக்கொள்ளும் நாளும் வரும். 2004 அக்டோபரில் பாடகி ஆஷ்லி சிம்ப்சன், அப்போதுதான் 20 வயது நிரம்பியவர், அமெரிக்காவில் சாட்டர்டே நைட் லைவ் என்ற டிவி நிகழ்ச்சியின் நேரலையில் இரண்டாவது பாட்டுக்கு நின்றார். முதல் பாட்டின் குரல் ட்ராக் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் மைக் இடுப்புக்குப் பக்கத்தில். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு குதியாட்டம் போட்டுவிட்டு மேடையை விட்டுப் போனார். நிகழ்ச்சி முடியும்போது, பேண்ட் தப்பான பாட்டை வாசித்துவிட்டது என்றார். பின்னால் நின்று வாசித்தவர்களை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. வயிற்று அமிலம் தொண்டைக்கு ஏறி குரல் கட்டியிருந்தது என்ற விளக்கம் அப்புறம் வந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். குரல் கட்டிய நாளில் நிகழ்ச்சியை ரத்து செய்யும் தைரியம் இருபது வயதில் யாருக்கும் வராது.

மில்லி வனில்லி என்ற பாப் ஜோடியின் கதை இதைவிடப் பெரியது. ராப், ஃபாப் என்ற பெயர்களில் இரண்டு அழகான இளைஞர்கள். 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகம் என்று கிராமி. பாடியது அவர்களே இல்லை, வேறு ஆட்கள் என்று தயாரிப்பாளர் நவம்பரில் ஒப்புக்கொண்டதும் விருதைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். நம்மூரில் இதைச் சொன்னால், இதில் என்னப்பா குற்றம் என்பார்கள். டி.எம்.எஸ். பாட, எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வாயசைக்க, மூன்று தலைமுறை சந்தோஷமாகப் பார்த்திருக்கிறது. கோடம்பாக்கத்தில் முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு. ஆனால் இரண்டு பெயரும் டைட்டிலில் வரும். அந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை, பாடுகிறவர் பாடினால் போதும் என்பதுதான். எப்படி நடக்கிறார், என்ன உடுத்துகிறார் என்று யாரும் கவலைப்படவில்லை. தனிப்பாடல், ரீல்ஸ் என்று காலம் மாறியதும் அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது முகமும் குரலும் ஒரே பிள்ளையின் தலையில்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு பெண்ணுக்கு மானிட்டர் பார்த்தேன். ரீல்ஸில் பேர் வாங்கியவள், கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்தவள். சவுண்ட் செக்கில் டான்ஸர்கள் இன்னும் வரவில்லை. சும்மா நின்று பல்லவியைப் பாடினாள். கீழ் ஸ்தாயியில் அந்தக் குரல் போய் உட்கார்ந்த விதத்தில் நான் டெஸ்க்கில் எதையும் தொடவில்லை, தொட ஒன்றும் இல்லை. பல்லவி முடியும் இடத்தில் கூடவே இரண்டு சங்கதி போட்டுவிட்டு, "அண்ணா, இந்த இடத்துல நாலு பார் எக்ஸ்ட்ரா எடுத்துக்கலாமா?" என்று கீபோர்டுகாரரைக் கேட்டாள். பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று. அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். காரணம் எல்.இ.டி. திரை. திரையில் ஓடும் வீடியோ, விளக்கு, தீப்பொறி எல்லாம் ட்ராக்கோடு டைம்கோடில், அதாவது எல்லாவற்றையும் ஒரே நேரக் கணக்கில் ஓட்டும் சிக்னலில், கட்டியிருக்கிறது. பாடகி நாலு பார் நீட்டினால், திரையில் இருக்கும் அவள் முகம் சரணத்துக்குப் போய்விடும். "சரிண்ணா" என்று விட்டுவிட்டாள்.

ராத்திரி நிகழ்ச்சியில் ஆறு டான்ஸர்களோடு அவளும் ஆடினாள். சரணத்தின் மேல் ஸ்தாயி வரும்போது பொத்தானை அழுத்திப் பார்த்தேன். வெறும் மூச்சு. கூட்டத்துக்குக் கேட்டதெல்லாம் அவளுடைய பதிவுக் குரல். அவளுக்குத் தம் இல்லாமல் இல்லை. இருந்த தம்மை ஆட்டம் எடுத்துக்கொண்டது. ஆர்கனைசர் "செம பெர்ஃபாமன்ஸ்" என்று கட்டிப்பிடித்தார். மறுநாள் வீடியோவின் கீழே, இவளுக்குப் பாடவே தெரியாது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். சாயங்காலம் நான் கேட்டதை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை, கேட்க வழியும் இல்லை.

நான் தொழில் கற்றுக்கொண்டது ஒரு லைட் மியூசிக் குழுவில். பாடகர் பாட்டு நோட்டைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டால் நடத்துபவர் விரலைச் சுழற்றுவார், பல்லவி மறுபடி வரும். இப்போது ஒன்ஸ்மோர் என்று யார் கத்தினாலும் கம்ப்யூட்டருக்குக் காது இல்லை. அதற்காக அந்தக் காலத்துப் பாடகர்கள் எல்லாம் ஒழுக்கசீலர்கள் என்று நினைக்க வேண்டாம். நிற்க முடியாத நிலையில் வந்தவர்களை இரண்டு பக்கமும் தாங்கி மேடையேற்றியிருக்கிறோம். அன்று போனில் கேமரா இல்லை, அவ்வளவுதான்.

இமேஜும் நடத்தையும் ஒன்று என்று நினைப்பதும் தப்பு. நான் கேட்டதிலேயே சுத்தமான ஸ்ருதி ஒரு இளம் பாடகருடையது. மேடையில் பெரியவர்கள் காலில் விழுவார், ரசிகர்களைக் குடும்பம் என்பார். ஆனால் எங்களோடு பேச அவர் பக்கத்தில் தனியாக ஒரு மைக் இருக்கும். அது என் காதுக்கு மட்டும் வருவது. ஸ்டாண்ட் உயரம் கொஞ்சம் தாழ்ந்திருந்ததற்காக என் உதவியாளனை, கேபிள் தூக்கும் சின்னப் பையனை, அதில் நிகழ்ச்சி முழுக்கப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மேனேஜரிடம் சொன்னேன். "ஆர்ட்டிஸ்ட்னா அப்படித்தான் சார்" என்று சிரித்தார். பாட்டு நன்றாக இருந்தது என்பதற்காக அதை மறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பையன் அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டான்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு இளம் பாடகன். நிகழ்ச்சி பாதியில் ஒரு வீடியோ குழு தங்கள் வயர்லெஸ் கருவியைப் போட, அவன் காதில் மாட்டியிருந்த இன்-இயர் மானிட்டரின் அலைவரிசையில் அது வந்து மோதியது. நான் சத்தத்தை இறக்குவதற்குள் அவன் காதுக்குள் முழு வால்யூமில் இரைச்சல் வெடித்துவிட்டது. இரண்டு இயர்பீஸையும் பிடுங்கி எறிந்து, எங்கள் பக்கம் திரும்பி ஒரு கெட்ட வார்த்தை கத்தினான். பிறகு காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் இல்லாமல், மானிட்டர் இல்லாமல், டிரம்மர் கையை மட்டும் பார்த்து அந்தப் பாட்டை முடித்தான். ஸ்ருதி நூல் பிசகவில்லை. நான் பொத்தானை அழுத்தியே வைத்திருந்தேன். முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, "அண்ணே, உங்களத் திட்டல, வலி தாங்கல" என்றான்.

வெளியே போனது எறிந்ததும் கத்தியதும் மட்டும். சில வினாடி வீடியோ. தலைக்கனம், இரண்டு பாட்டு ஹிட்டானதும் வந்த திமிர் என்று தலைப்பு. நடந்ததை நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், விளக்கம் சொன்னால் இன்னும் ஓடும் என்று அவன் ஆட்கள் தடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வெள்ளைச் சட்டை போட வைத்து, ரிங் லைட்டுக்கு முன்னால் உட்கார வைத்து, மன்னிப்பு வீடியோ எடுத்தார்கள். கண் கலங்கவில்லை என்று பல டேக் போனதாகக் கேள்வி. மேடையில் ஒரே டேக்கில் பாடியவனுக்கு அது சரியாக வரவில்லை. செயற்கை என்று அதற்கும் திட்டு விழுந்தது. புக்கிங் நின்றுபோனது.

இப்போது இசையமைப்பாளர்களுக்கு ட்ராக் பாடிக் கொடுக்கிறான். மெட்டு சரியாக நிற்கிறதா என்று பார்க்க முதலில் ஒருவர் பாடுவார், பிறகு பேர் பெற்ற குரல் வந்து அதன் மேல் பாடிவிடும். அந்த முதல் ஆள் இவன். போன மாதம் ஸ்டூடியோ வாசலில் பார்த்தேன். "வீடியோல நிக்க வேண்டியதில்லண்ணே, நிம்மதியா இருக்கு" என்றான். டீ சொன்னேன். சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டதற்கு, "வருது, லேட்டா வருது" என்றான்.