சாப்பரோன் அக்கா

நேற்று ஊட்டியில் நடந்த தடகளப் போட்டியில், ஊக்கமருந்துச் சோதனைக்குச் சாப்பரோனாக இருந்தேன். சோதனைக்குத் தேர்வானவரிடம் தகவல் சொல்லி, படிவத்தில் கையெழுத்து வாங்கி, அந்த நிமிடத்திலிருந்து சோதனை அறைக்குப் போகும்வரை கண் பார்வையிலேயே வைத்திருப்பதுதான் வேலை.

எனக்கு வந்தது கோத்தகிரிப் பக்கத்துக் கல்லூரிப் பெண். ஓடி முடித்து மூச்சு வாங்க நின்றவளிடம் அடையாள அட்டையைக் காட்டியதும் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் எதுவுமே சாப்பிடலையே!" என்றாள். பாவம், சந்தேகத்தில் பிடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். ஜெயித்தவர்களையும் கூப்பிடுவார்கள், குலுக்கலிலும் பெயர் வரும் என்று சொன்ன பிறகுதான் கை நடுக்கம் நின்றது. பதக்கம் வாங்கலாம், கோச்சிடம் பேசலாம், நானும் கூடவே வருவேன், அவ்வளவுதான்.

தோழி ஒருத்தி பாதி குடித்த பாட்டிலை நீட்டினாள். வேண்டாம்மா என்று சொல்லி, சீல் உடைக்காத பாட்டில்களில் ஒன்றை அவளையே எடுக்கச் சொன்னேன். 90 மில்லி சிறுநீர் வேண்டும். அதற்காக மடக் மடக்கென்று குடித்தால் மாதிரி நீர்த்துப்போய் மறுபடியும் கொடுக்க வேண்டிவரும். வெளியே மூடுபனி இறங்க, என் சால்வையைப் போர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் பெண் அதிகாரி முன்னிலையில் மாதிரி கொடுத்து, ஏ, பி என்ற இரண்டு பாட்டில்களையும் தானே இறுக மூடினாள்.

கோச்சுகளே, இதையெல்லாம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பயந்துபோய்ச் சோதனைக்கு வராமல் வீட்டுக்குப் போய்விட்டால், 4 ஆண்டு வரை தடை வரலாம்.