ஹஸ்கிக்கு மொட்டை அடிக்க நான் ஏன் மறுக்கிறேன்

பங்குனி பிறந்துவிட்டால் நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் எங்கள் க்ரூமிங் கடைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கோரிக்கையைத்தான் சுமந்து வருகின்றன: "சென்னை வெயில் தாங்கவில்லை, நாய்க்கு மொட்டை அடித்துவிடுங்கள்." ஷிட்சூ, பூடில் என்றால் உடனே நேரம் ஒதுக்கிவிடுவேன். ஹஸ்கி, பாமரேனியன், சௌ சௌ என்றால் மறுத்துவிடுவேன். கூலி கொடுக்க ஆயத்தமாக இருப்பவரிடம் வேலை வேண்டாம் என்று சொல்வது சிலருக்குத் திமிராகத் தெரிகிறது. ஆகவே காரணத்தை ஒருமுறை விரிவாக எழுதி வைக்கிறேன்.

மனிதத் தலையில் பெரும்பாலும் ஒரு துளைக்கு ஒரு முடி. நாய்க்கு அப்படியல்ல. ஒரே துளையிலிருந்து தடித்த மேல்முடி ஒன்றும், அதைச் சுற்றி மெல்லிய உள்முடிகள் பலவும் சேர்ந்து வெளிவருகின்றன. இவ்விரண்டின் விகிதமும் நீளமும் வளர்ச்சிச் சுழற்சியும் இனத்துக்கு இனம் மாறுகின்றன. நாய்களின் முடி வகைகளுள் பெரும்பகுதி மூன்றே மரபணுக்களின் மாறுபாடுகளால் அமைகிறது என்று 2009-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது: ஒன்று நீளத்தையும், மற்றொன்று சுருளையும், மூன்றாவது மீசை, தாடி, புருவம் ஆகியவற்றையும் தீர்மானிக்கிறது. லாப்ரடூடில் (லாப்ரடாரும் பூடிலும் கலந்தது) போன்ற கலப்பினக் குட்டிகளை ஒரே ஈற்றில் பிறந்தவையாயினும் ஒரே முறையில் வெட்ட முடியாதது இதனால்தான். இனத்தின் பெயரைக் கேட்டதோடு நிற்காமல், முதுகிலும் தொடையிலும் முடியைப் பிரித்துத் தோல்வரை பார்த்த பிறகே கருவியை எடுக்க வேண்டும்.

இனி ஹஸ்கிக்கு வருகிறேன். பூடிலின் முடி பெரும்பாலும் வளர்ந்துகொண்டே இருக்கும் நிலையில் உள்ளது. வெட்டினால் சில வாரங்களில் மீண்டும் நீண்டுவிடும். ஹஸ்கி, சமோயெட், பாமரேனியன் முதலிய இனங்களிலோ பெரும்பாலான முடிகள் ஒரு குறிப்பிட்ட நீளத்தை எட்டியதும் வளர்ச்சியை நிறுத்தி நெடுங்காலம் ஓய்வில் இருக்கின்றன. ஓய்விலிருக்கும் முடியை ஒட்ட வழித்துவிட்டால், அடுத்த சுழற்சி தொடங்கும்வரை அந்த இடம் அப்படியே நிற்கக்கூடும். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் தாண்டலாம். முளைத்து வருவதும் பழைய மேல்முடியாக இல்லாமல் திட்டுத்திட்டாக, பஞ்சுபோல, நிறம் மாறி வரலாம். கால்நடை மருத்துவர்கள் இதனை முடிவெட்டிய பின் வரும் வழுக்கை என்று நன்கு அறிவர். எல்லா நாய்க்கும் இது நேரும் என்று நான் சொல்லவில்லை. லாப்ரடாருக்குப் பெரும்பாலும் முடி திரும்பிவிடுகிறது. ஆனால் எந்த நாய்க்குத் திரும்பாது என்பதை முன்கூட்டியே சொல்ல வழியில்லை. அறுவை சிகிச்சைக்காகவோ தோல் நோய்க்காகவோ மருத்துவர் வழிக்கச் சொன்னால் அது வேறு விஷயம்.

வெயில் என்ன ஆவது என்று கேட்பார்கள். நாய் தன் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. அதற்கு வியர்க்கும் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான் உள்ளன. முடியை மழிப்பதால் மனிதருக்குக் கிடைக்கும் நிம்மதி அதற்கு அப்படியே கிடைப்பதில்லை. மறைப்பின்றி நிற்கும் தோல் நேரடி வெயிலில் கன்றிப்போகும் அபாயந்தான் கூடுகிறது. உண்மையில் புழுக்கத்தை உண்டாக்குவது உதிர்ந்தும் வெளியேற வழியின்றி உள்ளே அடைந்து கிடக்கும் செத்த உள்முடி. நன்றாகக் குளிப்பாட்டி, வேகமாகக் காற்றை வீசும் புளோயரால் தோல்வரை ஊதி, உள்முடிக்கென்று உள்ள அகன்ற பல் சீப்பால் பொறுமையாக வாரி எடுத்தால் ஒரு மூட்டை முடி வெளியே வரும். மேல்முடி அப்படியே இருக்க, காற்று மட்டும் உள்ளே புகும். மழிப்பதைவிட இதற்கு நேரமும் கூடுதல், கூலியும் கூடுதல். இந்தப் புளோயரின் காற்றுக்குச் சூடு தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாயைக் கூண்டில் அடைத்து வெப்பக் காற்றை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் கடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே விடாதீர்கள்.

கம்பி போன்ற முடியுடைய டெரியர், ஷ்னௌசர் ஆகியவற்றுக்கு முறைப்படி செய்ய வேண்டியது முற்றிய முடியை விரலாலும் சிறு கத்தியாலும் பிடுங்கி எடுப்பது. கிளிப்பர் எனும் முடிவெட்டும் இயந்திரத்தைப் போட்டால் முடி மென்மையாகி நிறம் வெளுத்துவிடும். கண்காட்சிக்குப் போகாத வீட்டு நாய்க்கு அது ஒரு குறையே அல்ல என்பது என் கருத்து. சொல்லிவிட்டுச் செய்தால் போதும்.

குட்டை முடி நாய்களுக்கு க்ரூமிங்கே வேண்டாம் என்று நினைப்பவர்கள் வீட்டு சோபாவைப் பார்க்க வேண்டும். பக், பீகிள், லாப்ரடார் ஆகியவை கொட்டும் முடி கொஞ்சமன்று. குளியலின்போதே ரப்பர் பிரஷால் தேய்த்து எடுப்பது போதுமானது. ராஜபாளையம் நாய்க்கு அதுவும் சொற்பந்தான். ஆனால் அதன் வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல் இருப்பதால் வெயிற் கன்றலையும் உண்ணிக் கடியையும் கவனமாகத் தேட வேண்டும். மனிதர் போடும் ஷாம்பூவை எந்த வகை நாய்க்கும் போடாதீர்கள். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதன் அமிலத்தன்மையும் குறைவு.

எங்களுக்கு மிகுந்த சிரமம் தருபவை நீண்ட முடியுள்ள ஷிட்சூ, லாசா ஆப்சோ, மால்டீஸ் ஆகியவையும் சுருள்முடிப் பூடிலுந்தான். இவை முடி கொட்டுவதில்லை என்று சொல்லி விற்கிறார்கள். கொட்டுகின்றன, உதிர்ந்த முடி தரையில் விழாமல் மற்ற முடியோடு பின்னிக்கொள்கிறது, அவ்வளவுதான். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில் சிறு சிக்காகத் தொடங்குவது, வாராமல் தண்ணீர் ஊற்றினால் இறுகிச் சடையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து ஈரம் காயாத சடைக்கு அடியில் தோல் புண்ணாகியிருப்பதைத் திறந்து பார்க்கும்போதுதான் வீட்டார் திடுக்கிடுகிறார்கள். மேலாகப் பிரஷ் போட்டு வந்ததால் வெளித்தோற்றம் பளபளப்பாகவே இருந்திருக்கும். எனவே மெல்லிய வளைந்த கம்பிகள் நெருங்கிய ஸ்லிக்கர் பிரஷை வரிசை வரிசையாக முடியைப் பிரித்து அடிவரை ஓட்டி, பிறகு இரும்புச் சீப்பு தடையின்றிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சடை தோலை ஒட்டிவிட்டால், பிரித்துக் காப்பாற்றுங்கள் என்ற வேண்டுகோளுக்கு நான் இணங்குவதில்லை. மணிக்கணக்கில் தோலை இழுத்து நாயை வதைப்பதற்கு அழகு ஈடாகாது. கிளிப்பரில் 10-ஆம் எண் பிளேடு போட்டுச் சடைக்கு அடியில் வழித்தெடுப்போம். பிளேடின் எண் கூடக்கூட வெட்டு தோலை ஒட்டி அமையும்: 4-ஆம் எண் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும், 7-ஆம் எண் 3.2, 10-ஆம் எண் 1.5 மட்டுமே. காதில் தொங்கிய கனத்த சடையை எடுத்ததும் இரத்தம் வேகமாகப் பாய்ந்து, நாய் தலையை உதறிக்கொண்டே இருந்து, காது வீங்கிவிடுவதும் உண்டு. அதனால் சிறிது நேரம் காதுகளைத் துணியால் தளர்வாகக் கட்டி அனுப்புகிறோம். வெட்டு பிடித்திருந்தால், எந்த எண் பிளேடு போட்டார்கள் என்று கேட்டு, தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு கடைக்குப் போனாலும் "கொஞ்சம் குட்டையாக" என்று சொல்லி ஏமாற வேண்டியிருக்காது.