ஃபால்ஸ் சீலிங்கில் டவுன்லைட் துளை: எந்தக் கட்டர் வாங்கினோம், ஏன்

காட்பாடியில் ஒரு வீடு. ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு சீலிங் முடிந்து, முதல் கை பட்டியும் அடித்தாயிற்று. 12 வாட் வட்ட லைட்டுக்கு 14, சி.ஓ.பி. ஸ்பாட் லைட்டுக்கு 8 என மொத்தம் 22 துளை போட வேண்டும். கடைசிப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் துளை போட்டுவிடுவதுதான் சரி. ஓரத்தில் பேப்பர் பிய்ந்தாலும் பட்டியும் பெயின்டும் அதை மூடிவிடும்.

கட்டர் வாங்கப் போவதற்கு முன்னால் லைட்டை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் ‘கட்-அவுட்’ என்று மி.மீ. கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்தான் துளையின் அளவு. எங்கள் 12 வாட்டுக்கு 150, ஸ்பாட்டுக்கு 75. வாட் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். கடையில் ‘ஆறு இஞ்ச் லைட்’ என்று சொல்வது பல நேரம் வெளி வளையத்தின் அளவு. அதை நம்பித் துளை போட்டால் லைட் அப்படியே மேலே போய்விடும். ஸ்பிரிங் பிடிக்க விளிம்பே இருக்காது.

கையால் அறுக்கும் ஜிப்சம் ரம்பம் மலிவு. சதுர லைட்டுக்கு அதுவே போதும்: நான்கு மூலையிலும் 8 மி.மீ. துளை போட்டுக்கொண்டு கோட்டின் மேலே அறுக்கலாம். வட்டத்துக்கு நான்கைந்து துளை வரை பொறுமையாகச் செய்யலாம். 22 என்றால் கை சோர்ந்து, கடைசி வட்டங்கள் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். ஜிக்சா (மின்சார ரம்பம்) வேண்டவே வேண்டாம். தலைக்கு மேலே பிடித்தால் பிளேடு போகும் வழி தெரியாது, தூசி முழுக்க முகத்தில் விழும். மேலே கிடக்கும் வயரையும் நீளமான பிளேடு அறுத்துவிடும்.

பெட்டியாக விற்கும் ஹோல் சா (டிரில்லில் மாட்டும் கிண்ண வடிவ ரம்பம்) செட்டில் பொதுவாக 19 முதல் 127 மி.மீ. வரை கிண்ணங்கள் இருக்கும். அதில் 76 உண்டு, 75 மி.மீ. கட்-அவுட்டுக்கு அது சரியாகப் பொருந்தும். ஆனால் 150 கிடையாது. ஆகவே செட்டை விட்டுவிட்டு, தனியாக 76 மி.மீ. பை-மெட்டல் ஹோல் சா ஒன்றும், 40 முதல் 200 மி.மீ. வரை அளவு மாற்றக்கூடிய இரட்டை பிளேடு கட்டர் ஒன்றும் எடுத்தோம். இந்தக் கட்டரோடு ஒரு பிளாஸ்டிக் தூசிக் கிண்ணம் வரும். அது இல்லாத மாடலை வாங்காதீர்கள். ஜிப்சம் தூள் மாவு போலக் கண்ணிலும் மூக்கிலும் போகும். கிண்ணம் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மூன்று நான்கு துளைக்கு ஒருமுறை கொட்ட வேண்டும். அப்போதும் கண்ணாடியும் மாஸ்க்கும் தேவை. ஒற்றை பிளேடு கட்டர் விலை குறைவுதான், ஆனால் எடை ஒரு பக்கமாக இழுப்பதால் மெஷின் உதறும்.

டிரில் மெஷினுக்கு 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) இருக்கட்டும். பெரிய ஹோல் சாக்களின் தண்டு 11 மி.மீ. வரை தடிமனாக இருக்கும், 10 மி.மீ. சக்கில் நுழையாது. வேகத்தைக் குறைக்கும் வசதி கட்டாயம். சாதாரண டிரில் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று சுற்றும்; 150 மி.மீ. கட்டரை அந்த வேகத்தில் ஓட்டுவது ஆபத்து. சுத்தியல் மோடை அணைத்துவிட்டு, பக்கக் கைப்பிடியை மாட்டிக்கொள்ளுங்கள். பிளேடு எங்காவது சிக்கினால் மணிக்கட்டு திருகிக்கொள்ளாமல் காப்பது அந்தக் கைப்பிடிதான்.

அதிகம் பேர் தவறுவது கட்டரின் அளவுக்கோட்டில். சிலவற்றில் அது விட்டம், சிலவற்றில் ஆரம். இரண்டு பிளேடும் நடுப் பிட்டிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயுமாக இரண்டு வட்டம் கீறும். ஒரு பிளேடின் வெளி நுனியிலிருந்து மற்றதன் வெளி நுனி வரை டேப்பால் அளந்து 150 வைத்தோம். பிறகு சீலிங் வேலையில் மிஞ்சிய துண்டு போர்டில் ஒரு துளை போட்டு, லைட்டை அதில் மாட்டிப் பார்த்தோம். ஓரிரண்டு மி.மீ. கூடினால் பரவாயில்லை, குறைந்தால் லைட் ஏறாது.

குறிக்கும் வேலைக்குத்தான் அதிக நேரம் ஆனது, ஆகவும் வேண்டும். வேலூர் வெயிலுக்கு ஃபேன் இல்லாத அறை கிடையாது. 1,200 மி.மீ. ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 600 மி.மீ. சுற்றும். அந்த வட்டத்துக்கு மேலே லைட் வந்தால் இறக்கை நிழல் விட்டுவிட்டு அடித்துக் கண் வலிக்கும். ஃபேன் நடுவிலிருந்து 900 மி.மீ. தள்ளியே வைத்தோம். நூல் பிடித்துக் குறித்தபின், சிறு காந்தத்தை போர்டில் தேய்த்து ஸ்குரூ வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். சீலிங் செக்‌ஷன் (போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டம்) 80 மி.மீ. அகலம், வழக்கமாக 457 மி.மீ.க்கு ஒன்று. நடுவில் 377 மி.மீ. இடைவெளி கிடைக்கும். துளை செக்‌ஷன் மேல் விழுந்தால் அந்த வரிசையையே நகர்த்துங்கள். அந்தச் சட்டத்தை வெட்டினால் சீலிங் தொய்யும்.

எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் பார்த்தபின், ஒவ்வொரு குறியிலும் 6 மி.மீ. துளை ஒன்று. கட்டுக்கம்பியை ‘ட’ போல மடக்கி அதில் நுழைத்துச் சுற்ற வேண்டும். மடக்கிய பகுதி 80 மி.மீ. இருக்கட்டும். முழுச் சுற்றும் தடையின்றி வந்தால் கட்டரை வைக்கலாம். இடித்தால் மேலே வயரோ செக்‌ஷனோ இருக்கிறது. அந்தச் சிறு துளையை மூடுவதற்கு ஒரு விரல் பட்டி போதும். மெட்ராஸ் டெரஸ் (மர விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) போட்ட பழைய வீடுகளில் மேல்நோக்கியும் கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். மர விட்டம் தாழ்ந்து நிற்கும் இடத்தில் லைட்டுக்கும் டிரைவருக்கும் (எல்இடிக்கு மின்சாரம் தரும் சிறு பெட்டி) உயரம் போதாமல் போகும்.

அறுக்கும்போது முதலில் மெதுவாக ஓட்டி பேப்பரை மட்டும் கீறவிட்டு, கிண்ணம் போர்டில் வட்டமாகப் படிந்ததைப் பார்த்து அழுத்தம் கொடுக்க வேண்டும். 150 மி.மீ. துளை ஒன்றுக்கு அரை நிமிடம் கூட ஆகாது. அளவுக்கு மேல் அழுத்தினால் மேல் பேப்பர் கிழிந்து விளிம்பு உதிரும். இதே பிளேடை பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங்கில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி வலை பல்லை முறித்துவிடும். அங்கே பை-மெட்டல் ஹோல் சாதான். பிவிசி பேனலுக்கு டிரில்லை ரிவர்ஸில் ஓட்டிக் கோடு போட்டுவிட்டு, பிறகு நேராக அறுத்தால் ஓரம் சிதறாது.

மாடி வெயில் நேராக இறங்கும் அறைகளில் சீலிங்குக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரித்திருப்பார்கள். லைட் வரும் இடத்தில் அதை ஒதுக்கிவிட வேண்டும். மூடிக் கிடந்தால் டிரைவர் சூடேறி எல்இடி சீக்கிரம் போகும். மாட்டும்போது இரண்டு ஸ்பிரிங்கையும் நிமிர்த்திப் பிடித்து, விரலை விளிம்பிலிருந்து எடுத்த பிறகே விடுங்கள்.

அறுத்து எடுத்த வட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் 22-இல் ஒன்று தவறான இடத்தில் விழுந்தது. துளைக்குள் பிளைவுட் பட்டை ஒன்றைக் குறுக்கே நுழைத்து, இரு ஓரத்திலும் ஸ்குரூ அடித்து, அதன் மேல் அந்த வட்டையே வைத்துத் திருகினோம். சுற்றிலும் ஜாயின்ட் டேப் ஒட்டி, ஜாயின்டிங் காம்பவுண்ட் இரண்டு கை பூசி, காய்ந்ததும் மணல்தாள் போட்டோம்.